திருவந்திபுரம் முதல் பாரிஸ் வரை: பாலே பார்க்கப் புதிதாக வருவோர்க்குச் சில குறிப்புகள்

தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. மண்டி ஹவுஸ் பக்கம் போனால் கமானி அரங்கம், ஸ்ரீராம் பாரதிய கலா கேந்திரம் என்று வரிசையாக அரங்குகள். பல நாட்டுக் கலைகளும் இங்கே வந்து போகின்றன. ஆனால் 'பாலே' என்றால் மட்டும் நம்மவர்கள் தயங்குகிறார்கள். "பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை, உடுப்பும் ஒரு மாதிரி. நமக்கெதுக்கு அது?" என்கிறார்கள். நான் ஜவுளி வியாபாரி. கடை நேரம் போக மிச்ச நேரத்தில் காப்பியங்களைப் படித்து வருபவன். சலங்கை கட்டியவன் அல்லன். பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பெயரும் பிறப்பும்

இத்தாலிய அரண்மனைகளில் தோன்றி, பிரான்சில் இலக்கணம் பெற்று, ருஷ்யாவில் செழித்த கலை பாலே. 1661-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி பாரிஸில் இதற்கென்றே ஒரு கழகம் நிறுவினார். அசைவுகளுக்கெல்லாம் இன்றும் பிரெஞ்சுப் பெயர்கள் வழங்குவது அதனால்தான்.

டெல்லியில் இச்சொல்லுக்கு இன்னொரு வழக்கும் உண்டு. நம் நாட்டிய நாடகத்தையும் இங்கே பாலே என்பார்கள். கலா கேந்திரத்தார் 1957 முதல் நவராத்திரியை ஒட்டி நடத்திவரும் ராம்லீலா இவ்வகை. அதை முதலில் அமைத்த நரேந்திர சர்மா, உதயசங்கரின் மாணவர். அந்த உதயசங்கரோ, ருஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவுக்காக 1923-இல் லண்டனில் ராதா-கிருஷ்ணர் நடனத்தை அமைத்து, அவருடன் சேர்ந்து ஆடியவர். ஆக, ராம்லீலாவைக் குடும்பத்தோடு பார்த்தவர்கள் பாலேயின் வாசற்படியில் ஏற்கெனவே கால் வைத்தாயிற்று!

பாரிஸ் கண்ட தமிழ்ப் பெண்கள்

நமக்கும் பாலேக்கும் இதைவிடப் பழைய உறவு ஒன்று உண்டு. 1838-இல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து ஐந்து தேவதாசிகள் பாட்டுக்காரர்களோடு கப்பலேறிப் பாரிஸ் சென்று ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற இளம்பெண்ணின் ஆட்டத்தில் மயங்கிய எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே அவரைப் பற்றி நெகிழ்ந்து எழுதினார். பார் என்ற சிற்பி அவருக்குச் சிலை வடித்தார். மூன்றாண்டு கழித்து, 1841-இல், பாலே உலகின் பெருங்காவியமான 'ஜிஸெல்'லுக்குக் கதை எழுதிய இருவரில் ஒருவர் இந்தக் கோத்தியேதான். பின்னர் 1858-இல் சகுந்தலையையும் அவர் பாலே கதையாக்கினார்.

1877-இல் ருஷ்யாவில் மாரியுஸ் பெத்திபா அமைத்த 'லா பயாதேர்' கதையின் நாயகியே ஓர் இந்தியக் கோயில் நடனப்பெண். அதில் நம் சதிரின் அடவு ஒன்றையும் தேடாதீர்கள், கிடைக்காது. அது ஐரோப்பியர் கண்ட கனவு இந்தியா. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் பின்னாளில் இழிவென்று பேசப்பட்ட ஆட்டத்தை, மொழி தெரியாத ஊர்க்காரர்கள் காசு கொடுத்து உட்கார்ந்து, கலை என்று பார்த்தார்கள். அந்தப் பொறுமையை நாம் அவர்கள் கலைக்குத் திருப்பித் தர வேண்டாமா?

எப்படிப் பார்ப்பது?

முதலாவது, கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். தெருக்கூத்துக்குப் போகிறவன் பாரதம் தெரிந்துதானே போகிறான்? சைகோவ்ஸ்கி இசையமைத்த 'அன்ன ஏரி'யை எடுத்துக்கொள்வோம். மந்திரவாதியால் அன்னமாக்கப்பட்ட ஒடெட்டிடம் இளவரசன் காதல் சத்தியம் செய்கிறான். மந்திரவாதி தன் மகள் ஒடீலை அவள் சாயலில் அழைத்து வர, இளவரசன் ஏமாந்து அவளுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறான். இரண்டு பாத்திரங்களையும் பெரும்பாலும் ஒரே நடிகைதான் ஆடுவார். வெள்ளை அன்னமாக ஒடுங்கியவர் கறுப்பு உடையில் எப்படி மாறுகிறார் என்று கவனிப்பதே பாதிச் சுவை. ஒரே காலில் நின்று 32 சுற்றுச் சுற்றுவது இந்தக் கறுப்பு வேடத்தில்தான்.

இரண்டாவது, கை பேசும் மொழி. நம் முத்திரைகள் போல் விரிவானதல்ல. நாலைந்து தெரிந்தால் போதும். மோதிர விரலைத் தொட்டால் கல்யாணம். தலைக்கு மேல் இரு கைகளையும் சுழற்றினால் நடனம். நெஞ்சில் கை வைத்தால் காதல். முஷ்டிகளைக் குறுக்காக வைத்தால் மரணம்.

மூன்றாவது, கால். பரதத்தின் அரைமண்டியிலும் சரி, பாலேயிலும் சரி, கால்கள் இடுப்பிலிருந்தே பக்கவாட்டில் திரும்பியிருக்கும். ஆனால் நம் ஆட்டம் பூமியைத் தட்டிப் பேசும். அவர்களது பூமியை விட்டு எழும்பப் பார்க்கும். பெண்கள் நுனிக்காலில் நிற்பதற்கென்று உள்ள காலணி வெளியே சாட்டின். முனையிலோ துணியும் அட்டையும் பசையிட்டு அடுக்கடுக்காக இறுக்கியது. பெரிய ஆட்டத்தில் ஒரு ஜோடி ஒரே இரவில் தேய்ந்துபோவதும் உண்டு. உடுப்பு குட்டையாக இருப்பதற்கும் காரணம் இதுவே: காலின் வேலை முழுசாகத் தெரிய வேண்டும். இது புரிந்தபின் அதைப் பார்க்கக் கூச்சம் இராது.

நான்காவது, கூட்டம். முன் வரிசை டிக்கெட்டுக்குப் போட்டி போடாதீர்கள். நடுவிலோ மாடியிலோ உட்கார்ந்தால்தான் இருபது முப்பது பேர் கோலம் போட்டதுபோல் அணிவகுப்பது தெரியும். தனி ஆட்டம் முடிந்ததும் கைதட்டலாம்; கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்குத் தட்டுகிறோமே, அதுபோல.

குழந்தைகளுக்கு முதலில் 'நட்கிராக்கர்' நல்லது. அதில் மிட்டாய் உலகமே மேடைக்கு வரும். அரங்கத்துக்குப் போகுமுன் இணையத்தில் ஓர் அங்கம் மட்டும் போட்டுக் காட்டுங்கள். முழுவதும் வேண்டாம், அலுத்துவிடும்.

சிலம்பு காட்டும் வழி

சமண முனிவராகப் போற்றப்படும் இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் மேடைக்கு நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல் என்று கணக்கே கொடுக்கிறார். ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவர் தகுதியையும் வகுத்துச் சொல்கிறார். துறவி ஒருவர் ஆட்டத்தை இத்தனை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்! பாலேயையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள்: கதை யாருடையது, இசை யாருடையது, ஆட்டம் அமைத்தவர் யார் என்று. புரியாதது தானே புரிய ஆரம்பிக்கும்.

பிறர் கலையைப் பார்த்தால் நம் கலை போய்விடுமோ என்ற அச்சம் வேண்டாம். ருக்மிணி தேவி அருண்டேல் பாவ்லோவாவின் ஆட்டத்தில் ஈடுபட்டு, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்தியிடம் பாலே கற்றார். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடுங்கள் என்று தூண்டியவர் பாவ்லோவாவே. அதன்பின் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று 1935-இல் அடையாற்றில் மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்ரா பிறந்தது.

நம் டெல்லியிலேயே, விகாஸ்புரியைச் சேர்ந்த இ-ரிக்ஷா ஓட்டுநரின் மகன் கமல் சிங், ஓர் இந்திப் படத்தில் பாலேயைப் பார்த்து ஆசைப்பட்டு, இங்கேயே ஃபெர்னாண்டோ அகிலேராவிடம் பயின்று, 2020-இல் லண்டனில் இங்கிலிஷ் நேஷனல் பாலே பள்ளிக்குச் சென்றார். நம் பிள்ளைகள் ஆடட்டும், ஆடாமல் போகட்டும், பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும். பாலே பார்த்துப் பழகிய கண், அடுத்த மார்கழியில் ஒரு பரத நாட்டியத்தைப் பார்க்கும்போது, இதுவரை கண்ணில் படாத அரைமண்டியின் அழகை நிச்சயம் கண்டுகொள்ளும்.