ஓட்டுப் போடும் நாளில் எங்கள் ஊர்

மக்களாட்சியின் ஆணிவேர் தேர்தல் என்று குடிமையியல் பாடத்தில் படித்திருக்கிறோம். அதன் பொருளை 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், வெள்ளிக்கிழமையன்று, எங்கள் அப்பாயியின் கையைப் பிடித்து நடந்து சென்றபோது நேரில் கண்டோம். அன்று தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. எங்கள் மணப்பாறை, கரூர் தொகுதியைச் சேர்ந்தது.

அன்று பொது விடுமுறை. வங்கி இல்லை, ரேஷன் கடை இல்லை. ஆனால் அடுப்படிக்கு விடுமுறை உண்டா? ஓட்டுப் போடுவதற்காகத் திருப்பூரிலிருந்து சித்தப்பா குடும்பம் இரவுப் பேருந்தில் நின்றுகொண்டே வந்திருந்தது. அக்காளும் தங்கையுமாக நாங்கள் இருவரும் விடிந்ததும் பால் வாங்கினோம். கடைவீதியில் தேங்காயும் கறிவேப்பிலையும் வாங்கினோம். சில்லறை கொடுத்த கடைக்காரரின் விரலில் அதற்குள் மை இருந்தது. ஏழு மணிக்கே முதல் ஆளாகப் போட்டுவிட்டு வந்து கடை திறந்தாராம்.

வீட்டில் ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. அப்பாயிக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சை இன்னும் ஆகவில்லை. "நான் கூட வந்து பொத்தானை அழுத்திடுறேம்மா" என்றார் சித்தப்பா. அது சட்டம் அனுமதிப்பதுதான். பார்வை குறைந்த வாக்காளர் ஒரு துணையாளரை அழைத்துச் செல்லலாம். அவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அன்றைக்கு ஒருவருக்கு மட்டுமே அவர் துணையாக இருக்கலாம். இரகசியத்தைக் காப்பேன் என்று எழுதியும் கொடுக்க வேண்டும். எங்களுக்கோ வயது போதாது.

அப்பாயி ஒப்பவில்லை. "நாப்பது வருசமா விரலாலேயே முறுக்குச் சுத்துறேன். பொத்தானை எண்ணத் தெரியாதா எனக்கு?" என்று கேட்டார். சித்தப்பாவுக்கு வருத்தம். "மிஷின் ஒண்ணு இல்லேம்மா, நாலு இருக்கு" என்றார். அது உண்மை. ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பொத்தான்களே உண்டு. கரூரில் அந்தத் தேர்தலில் 54 பேர் போட்டியிட்டார்கள். 'நோட்டா'வையும் சேர்த்தால் 55. ஆகவே நான்கு கருவிகளை வரிசையாக வைத்திருந்தார்கள்.

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். அதிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. ஆனால் ஊர்க்கதை பேசத் தடை ஏதுமில்லை! வேப்பமர நிழலில் நின்ற பெண்கள் வரிசையில் கல்யாணச் செய்தி, புளி விலை, மருமகளின் பிரசவம் எல்லாம் அலசப்பட்டன. பொங்கலுக்குப் பிறகு பார்க்காத பக்கத்துத் தெருப் பெரியம்மாவைக் கண்டோம். எங்கள் பள்ளி அருட்சகோதரிகள் இருவரும் அதே வரிசையில் நின்றார்கள். "என்னம்மா, நீங்களும் ஓட்டுப் போட வந்தீர்களா?" என்று சிரித்தார்கள். வரிசையில் பணக்காரர், ஏழை என்ற பிரிவு இல்லை. முதியோருக்கு மட்டும் முன்னுரிமை தந்தார்கள்.

வெளிச்சுவரில் வேட்பாளர் பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. கருவியிலும் அதே வரிசைதான். "வாசிங்க" என்றார் அப்பாயி. பெயரையும் சின்னத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தோம். அப்பாயி கை விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு எண்ணினார். பாதியில், "போதுமா அப்பாயி?" என்று கேட்டோம். "கடைசி வரைக்கும் வாசி" என்றார். 55 வரை வாசித்து முடித்தோம். காவலுக்கு நின்றவர், "மெதுவா வாசிங்க பாப்பா" என்றாரே தவிரத் தடுக்கவில்லை.

எங்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே நடந்ததை அம்மா பிறகு விளக்கினார். முதல் அலுவலர் அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரை உரக்கப் படிக்கிறார். அடுத்தவர் இடக்கை ஆள்காட்டி விரலில் மை வைத்துப் பதிவேட்டில் கையொப்பமோ கைரேகையோ பெறுகிறார். அந்த மையில் வெள்ளி நைட்ரேட் இருப்பதால் எளிதில் அழியாது. 1962 பொதுத்தேர்தல் முதல் மைசூரில் செய்யப்படுகிறது. மூன்றாமவர் தம் மேசையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியை இயக்கி ஒரு வாக்குக்கு வழிவிடுகிறார். பிறகு மறைவுக்குள் சென்று நீலப் பொத்தானை அழுத்த வேண்டும். யாருக்குப் போட்டோம் என்று காட்டும் தாள் 7 விநாடி கண்ணாடிக்குள் தெரியும்.

துணை வேண்டுமா என்று தலைமை அலுவலர் அப்பாயியிடம் கேட்டாராம். "வேண்டாங்க. முதல் மிஷின் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க" என்றாராம் அப்பாயி. பொத்தான்களின் பக்கத்தில் பார்வையற்றோருக்கான பிரெயில் எண்களும் உண்டு. அப்பாயிக்கு அந்த எழுத்துத் தெரியாது. மேலிருந்து விரலால் தடவி எண்ணினார். நேரம் போயிற்று. வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். எங்களுக்கு நெஞ்சு படபடத்தது. அப்போது 'பீப்' என்ற நீண்ட ஒலி வராந்தா வரை கேட்டது. அந்தத் தாளை அப்பாயியால் பார்க்க முடியாது; அந்த ஒலிதான் அவருக்குச் சாட்சி.

திரும்பும் வழியில் டீக்கடையில் சித்தப்பா எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். "யாருக்கும்மா போட்டே?" என்று மெல்லக் கேட்டார். அப்பாயி மை வைத்த விரலை மட்டும் காட்டினார். 55 பெயரையும் எங்களை ஏன் வாசிக்கச் சொன்னார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. விரும்பிய பெயர் வந்ததும் நிறுத்தியிருந்தால் நாங்கள் தெரிந்துகொண்டிருப்போம் அல்லவா? பேத்திகளிடமும் அவர் இரகசியத்தைக் காத்தார்.

தோழியரே! வாக்களிக்கும் வயது 1989ஆம் ஆண்டு 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. 17 வயது நிரம்பியதுமே பெயர் சேர்க்கப் படிவம் 6இல் முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். நமக்கும் அந்த நாள் தொலைவில் இல்லை. அன்று அண்ணன் சொன்னார், அப்பா சொன்னார் என்று போகாமல், நாமே பட்டியலை முழுதும் படித்து, நாமே எண்ணி, நம் விரலாலேயே அழுத்துவோம்.

பி.கு.: அப்பாயிக்கு இப்போது அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. அடுத்த தடவை அந்த 7 விநாடித் தாளையும் பார்க்க வேண்டுமாம்!