பொய்க் கைச்சாத்தும் வங்கியின் மறுப்பும்

வங்கியிலே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர், தாம் பணியாத கொடுப்பனவொன்று தம் கணக்கிற் கழிக்கப்பட்டிருக்கக் காண்கிறார். முறையிடுகிறார், வங்கியோ அவருடைய கவனக்குறைவைக் காட்டி மறுத்துவிடுகிறது. நட்டம் யாரைச் சாரும்?

காசோலை என்பது வாடிக்கையாளர் வங்கிக்கு இடும் கட்டளையாகும். கைச்சாத்து அவருடையதன்றெனின் கட்டளையே இல்லை. அவ்வாறு கொடுத்த பணம் வங்கியின் பணமேயாகும். பிரித்தானியாவின் 1882ஆம் ஆண்டுச் சட்டமும், அதனைத் தழுவிய இலங்கையின் 1927ஆம் ஆண்டு மாற்றுண்டியல் கட்டளைச் சட்டமும் தத்தம் 24ஆம் பிரிவிலே, பொய்க் கைச்சாத்து முற்றிலும் பயனற்றதென விதிக்கின்றன.

ஆயினும், வாடிக்கையாளருக்கும் இரு கடமைகள் உண்டு. 1918இல் பிரபுக்கள் சபை தீர்த்த மக்மில்லன் வழக்கிலே, தொகை எழுத்திற் குறிக்கப்படாது இலக்கத்தில் மட்டும் 2 பவுண் என்றிருந்த காசோலையிற் பங்காளர் ஒருவர் கைச்சாத்திட்டார். எழுதுவினைஞர் அதனை 120 பவுணாக்கிப் பணம் பெற்றார். மோசடிக்கு வழி திறந்துவிட்டமையால் நட்டம் நிறுவனத்தையே சார்ந்தது. கிரீன்வுட் வழக்கிலே, மனைவி இட்ட பொய்க் கைச்சாத்தை அறிந்தும் கணவர் மாதக்கணக்கில் மௌனம் காத்தார். பின்னர் மனைவி இறந்துவிடவே, அவர்மீது வழக்கிடும் வாய்ப்பை வங்கி இழந்தது, கணவரும் தோற்றார்.

இக்கடமைகளின் எல்லையை வரையறுத்தது ஹொங்கொங் பருத்தி ஆலையான தாய் ஹிங்கின் வழக்கு. அதன் கணக்கெழுதுநர் 1978 வரை பல ஆண்டுகளாக, ஏறக்குறைய 300 காசோலைகளிற் பொய்க் கைச்சாத்திட்டுச் சுமார் 55 இலட்சம் ஹொங்கொங் டொலரைக் கவர்ந்தார். மாதந்தோறும் அனுப்பிய கணக்குக் கூற்றுகளை ஆலை சரிபார்க்கவில்லையென வங்கிகள் வாதிட்டன. ஹொங்கொங் மேன்முறையீட்டு நீதிமன்றமும் வங்கிகளின் பக்கமே நின்றது. 1985இல் கோமறைக் கழகம் அத்தீர்ப்பை மாற்றிற்று. மோசடியை அறியாத வாடிக்கையாளர் மீது, கணக்குக் கூற்றைச் சரிபார்க்கும் கடமையைப் பொதுச் சட்டம் சுமத்தவில்லை. வங்கி அதனை வேண்டின், ஒப்பந்தத்திலே ஐயத்துக்கிடமின்றி எழுதுதல் வேண்டும் என்பதே அதன் முடிபு.

ஆதலின், வங்கியின் முதல் மறுப்பு இறுதித் தீர்ப்பன்று. ஒப்பந்தத்தின் எவ்வாசகத்தைச் சார்ந்து மறுக்கப்படுகிறது என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் வேண்டும். அறிந்த நாளிலேயே அறிவித்தமைக்கான சான்றையும் பேணுதல் வேண்டும். பின்னரும் வங்கி இணங்காவிடின், இலங்கையிலே மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். கணக்குக் கூற்றைப் பார்ப்பது சட்டக் கடமையாகாதிருக்கலாம். ஆனால், பார்ப்பவரே முந்தி அறிகிறார். முந்தி அறிபவரே முந்தி அறிவிக்கிறார்.