நட்டைச் சூடாக்கினால் அதன் ஓட்டை என்ன ஆகும்?

பழைய காரின் பானெட்டைத் திறந்தால், எஞ்சினின் பக்கவாட்டில் கிளை பிரிந்த தடித்த இரும்புக் குழாய் ஒன்று தெரியும். அதற்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்று பெயர். பெட்ரோல் எரிந்து வரும் புகையை வாங்கி சைலன்சர் பக்கம் அனுப்புவது அதன் வேலை. எஞ்சினிலிருந்து சில ஸ்டட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டட் என்றால் தலை இல்லாத, மரை வெட்டிய எஃகுக் கம்பி. அவற்றின் மேல் மேனிஃபோல்டை மாட்டி, நட்டுப் போட்டு முடுக்கியிருப்பார்கள்.

புதிதில் அந்த நட்டு சாதாரண ஸ்பேனருக்கே கழன்றுவிடும். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் பலசாலி ஒருவர் தம் கட்டி இழுத்தாலும் அசையாது. “ஜாம் ஆயிடுச்சு” என்பார் மெக்கானிக்.

ஏன் ஜாம் ஆகிறது? இரும்பும் தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு உண்டாகும் என்பது உங்களுக்குத் தெரியும். மேனிஃபோல்டு ஓட்டத்தில் பல நூறு டிகிரிக்குச் சூடேறும், வண்டி நின்றால் ஆறும். அந்தச் சூட்டில் இரும்பு ஆக்சிஜனோடு இன்னும் வேகமாகச் சேரும். மழைத் தண்ணீர் வேறு தெறிக்கும். கடற்கரை ஊர் என்றால் காற்றில் இருக்கும் உப்பும் துருவுக்குத் துணை போகும்.

இதில் முக்கியமான விஷயம் துருவின் பருமன். எவ்வளவு இரும்பு துருவாகிறதோ, அதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைத் துரு அடைத்துக்கொள்ளும். நட்டின் மரைக்கும் ஸ்டட்டின் மரைக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய இடைவெளி. அதற்குள் துரு உப்பினால் எங்கே போகும்? இரண்டு பக்கமும் நெருக்கி, ஆப்பு அடித்தது போல இறுக்கிவிடும்.

நீளமான ஸ்பேனர் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். ஸ்பேனரின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், அதே கைபலத்துக்குத் திருப்புவிசையும் இரண்டு மடங்காகும். அதனால்தான் ஸ்பேனரின் பிடியில் இரும்புப் பைப்பைச் செருகி இழுப்பவர்களைப் பார்க்கிறோம். ஆனால் இந்த ஸ்டட்டின் விட்டம் பல கார்களில் வெறும் 8 மில்லிமீட்டர். அளவுக்கு மீறி முறுக்கினால் நட்டு கழலாது, ஸ்டட்தான் முறிந்து பாதி எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிடும்.

அனுபவமுள்ள மெக்கானிக் இதைக் கையிலேயே கண்டுபிடித்துவிடுவார். துரு விட்டுக்கொடுக்கும்போது ‘படக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். சத்தமே இல்லாமல், ரப்பரைத் திருகுவது போல ஸ்பேனர் மெதுவாக நகர்ந்தால் அவர் உடனே நிறுத்திவிடுவார். அங்கே சுற்றுவது நட்டு இல்லை, எஃகு முறுகிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு கணத்தில் கையை நிறுத்தத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் பெரிய திறமை என்று நான் நினைக்கிறேன்.

சரி, பலத்தால் முடியாததை எதனால் முடிக்கலாம்? சூட்டால்!

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். இரும்பு சூடானால் விரியும். அப்படியானால் நட்டு உள்பக்கமாகவும் விரிந்து ஓட்டை சின்னதாகிவிடுமா? பெரியவர்கள் பலரும்கூட ஆமாம் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் ஓட்டை பெரிதாகும். நட்டின் ஓட்டைக்குள் அதே இரும்பாலான ஒரு வில்லை இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். எல்லாவற்றையும் சூடாக்கினால் அந்த வில்லையும் பெரிதாகும் அல்லவா? வில்லை இல்லாவிட்டாலும் அதற்கான இடம் அதே அளவுக்குத்தான் விரியும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிறவர்கள் இதைக் காலம்காலமாகச் செய்துவருகிறார்கள். பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மரச் சக்கரத்தின் மேல் ஏற்றி, தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும்.

மெக்கானிக் செய்வது இதற்கு நேர் எதிர். ஸ்டட் சூடாகும் முன் நட்டை மட்டும் சட்டென்று சூடாக்குவார். நட்டு ஸ்டட்டைவிட 400 டிகிரி செல்சியஸ் அதிகமாகச் சூடேறினால், 8 மில்லிமீட்டர் ஓட்டை எவ்வளவு விரியும் தெரியுமா? சுமார் 0.04 மில்லிமீட்டர். நம் தலைமுடியின் தடிமனில் கிட்டத்தட்ட பாதி! அது போதும். துரு நொறுங்கும் பொருள். இரும்பு விரிந்து சுருங்கும்போது அதனால் கூடவே வளைந்து கொடுக்க முடியாது, விரிசல் விட்டுவிடும்.

அந்த விரிசல் எண்ணெய்க்கு வழிவிடும். நட்டு நன்றாக ஆறியதும், துருவை இளக்கும் மெல்லிய எண்ணெயை விடுவார்கள். குறுகலான இடுக்கில் திரவம் தானாகவே ஊர்ந்து போகும், மேல்நோக்கிக்கூட ஏறும். இதைத்தான் பாடத்தில் நுண்புழை ஏற்றம் என்று படிக்கிறோம். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கால் சுற்று கழற்றி, திரும்பக் கொஞ்சம் முடுக்கி, மறுபடி கழற்றுவார்கள். நொறுங்கிய துருத்தூள் மரையில் சிக்கிக்கொள்ளாமல் வெளியே வருவதற்கே இந்த முன்னும் பின்னுமான ஆட்டம்.

தீச்சுடர் வைத்துச் சூடாக்குவது ஆபத்தானது. பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் போகும். அதனால் இப்போது தீயே இல்லாத ஒரு கருவி வந்திருக்கிறது. நட்டைச் சுற்றி ஒரு கம்பிச் சுருளை மாட்டி, அதில் வேகமாகத் திசை மாறும் மின்சாரத்தைச் செலுத்தினால், நட்டுக்குள்ளேயே மின்னோட்டம் உண்டாகி அது சில நொடிகளில் சிவந்துவிடும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. உங்கள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பும் இதே முறையில்தான் பாத்திரத்தைச் சூடாக்குகிறது.

கழற்றிய பிறகு, பழைய நட்டையே திரும்பப் போடாமல் செம்பு முலாம் பூசிய நட்டுப் போடுவது நல்லது. செம்பு இரும்பைப் போலத் துருப்பிடிக்காது.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இரும்புக் குண்டும் வளையமும் இருக்கும். குண்டைச் சூடாக்கினால் அது வளையத்துக்குள் நுழையாது என்று ஆசிரியர் காட்டுவார். அதோடு விடாதீர்கள். குண்டு மாட்டிக்கொண்டு நிற்கும்போது, வளையத்தையும் சூடாக்கிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.