நண்டை அளந்து கடலை அறிதல்

காரைநகருக்கு வெளியே, பாக்கு நீரிணையில் நீலக்கால் நண்டு எத்தனை இருக்கிறது? நேரடியாக எண்ணிச் சொல்ல எவராலும் முடியாது. ஆட்டையும் மாட்டையும் பட்டியில் அடைத்து எண்ணலாம். நண்டோ பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும், இரவில் இரை தேடி அலையும். ஆனால் அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கிறோமா என்ற கேள்விக்கு விடை காணலாம். அதற்கு எண்ணிக்கை தேவையில்லை, ஒரு வேணியர் இடுக்கிமானியும் மாதக்கணக்கான பொறுமையும் போதும். பட்டப்படிப்பின் இறுதி ஆண்டுச் செயற்றிட்டத்துக்காகக் காரைநகர்த் துறை ஒன்றில் நண்டு அளந்தபோது இதைக் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் நண்டு சமைப்பதில்லை. "வாயில் வைக்காத பண்டத்துக்கு ஏன் மகள் இந்தப் பாடு?" என்று உம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தக் கட்டுரையை அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

யுத்த காலத்தில் வடகடலில் தொழிலுக்குக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. 2009இற்குப் பிறகு கடல் திறந்தது. நண்டு வாங்குவோரும் வந்தார்கள். இன்று இங்கே பிடிபடும் நீலக்கால் நண்டில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது. வள்ளம் கரைக்கு வந்ததும் வலையிலிருந்து நண்டைக் கால் முறியாமல் கழற்றுபவர்களில் பலர் பெண்கள். சதை பிரிக்கும் ஆலைகளில் இருப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. ஆக, நண்டு குறைந்தால் முதலில் வெறுமையாவது இவர்களின் கைதான்.

நண்டின் உடம்புக்கு மேலே இருப்பது வளராத ஓடு. வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றி, நீரை உள்ளிழுத்து உடலைப் பருக்கவைத்து, அதன்மேல் புது ஓடு இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அந்த வேளையில் பிடித்த நண்டில் சதையைவிடத் தண்ணீரே அதிகம். இதைத்தான் ஊரில் கோது என்பார்கள். பெண் நண்டு ஓடு கழற்றி மென்மையாக இருக்கும்போதுதான் ஆணுடன் சேரும். அதுவரை ஆண் நண்டு அதைத் தன் கீழே அணைத்துக் காவல் காத்துத் திரியும். பின்பு முட்டைகள் வயிற்று மடலின் கீழ் பஞ்சுப் பொதிபோலத் திரளும். முதலில் மஞ்சள் கலந்த செம்மை நிறம், பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கக் கருமை. பெரிய நண்டு ஒரு தடவையில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகளையும் சுமக்கும். சிறியது அதில் ஒரு பங்கைத்தான் சுமக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

மீனுக்கு வயது பார்க்க வழியுண்டு. அதன் செவிக்கல்லை வெட்டினால் மரத்தின் வளையங்களைப்போலக் கோடுகள் தெரியும். நண்டோ ஓட்டைக் கழற்றும்போதே தன் வரலாற்றையும் கழற்றி எறிந்துவிடுகிறது. ஆகவே வயதை விட்டுவிட்டு அகலத்தை அளக்கிறோம். ஓட்டின் இரு பக்கமும் நீண்டிருக்கும் முட்களின் நுனியிலிருந்து நுனிவரை.

"கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் தெரியாதா? நேற்றைக்கு இன்று பாடு கூடவா குறைவா என்று?" என்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அது மட்டும் போதாது. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் கொட் மீன் கூட்டம் சுருங்கிச் சுருங்கி ஓரிடத்தில் திரண்டது. கப்பல்கள் அந்த இடத்தைத் தேடிப்போய்ப் பிடித்ததால் வலைகள் கடைசிவரை நிறைந்தே வந்தன. 1992இல் அரசு அந்தத் தொழிலையே நிறுத்தியது. முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள்.

அகலத்தை வைத்து எப்படி அறிவது? ஒரு பாடசாலையை நினைத்துப் பாருங்கள். தரம் 6இல் நான்கு வகுப்புகள் நிறையப் பிள்ளைகள், உயர்தரத்திலோ ஆறே பேர். பதிவேட்டைப் பாராமலே, இடையில் பிள்ளைகள் எங்கோ போய்விடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். நண்டிலும் அப்படித்தான். ஆயிரக்கணக்கில் அளந்து, அகலவாரியாக வரைபு வரைந்தால், பெரியவற்றின் பக்கம் எவ்வளவு விரைவாகச் சரிகிறது என்று தெரியும். அந்த இனம் எந்த அகலத்தில் முதிர்கிறது, எவ்வளவு பெரிதாக வளரக்கூடியது, வளர்ச்சி வேகத்துடன் ஒப்பிட இயல்பாக எவ்வளவு விரைவாகச் சாகிறது என்பன தெரிந்தால், மிச்சமிருக்கும் சரிவு வலையால் வந்தது. யாருமே பிடிக்காத கடலில் ஒரு பெண் நண்டு வாழ்நாளில் இடக்கூடிய முட்டைகளை 100 என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய கடலில் சராசரியாக எத்தனை இடுகிறது என்பதே நாம் தேடும் விடை. 20இற்குக் கீழே போனால் ஆபத்து, 30, 40 என்றிருந்தால் பரவாயில்லை என்பது பொதுவாகக் கைக்கொள்ளும் எல்லை. அட்ரியன் ஹோர்டிக், ஜெரமி பிரின்ஸ் முதலியோர் இந்தக் கணிப்பு முறையை 2015இல் விரிவாக வெளியிட்டனர். இலங்கை, இந்தோனேசிய நீலக்கால் நண்டுகளை இதே முறையால் மதிப்பிட்ட ஆய்வு 2020இல் வந்தது. ஆய்வுக்கப்பல் வாங்க முடியாத நாடுகளுக்கு இது பெரிய வரம் என்பது என் எண்ணம்.

ஆனால் அளப்பவர் விழிப்பாக இருக்க வேண்டும். துறையில் பெரிய நண்டுகளை முதலிலேயே தெரிந்தெடுத்துத் தனிக் கூடையில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு போய் மிச்சத்தை அளந்தால், கடலில் பெரிய நண்டே இல்லை என்று முடிவு வரும். அதனால் வள்ளம் கரை தட்டும் முன்பே நான் நிற்க வேண்டியிருந்தது. இன்னொன்று, முட்டை சுமக்கும் நண்டுகள் ஆழமும் உப்பும் கூடிய நீருக்குப் போகும். கரையோர வலையை மட்டும் அளந்தால் அவை கணக்கில் வராமல் போகலாம்.

சினை நண்டை உயிரோடு விட்டால் போதாதா என்று பலரும் கேட்டார்கள். தாய்லாந்தில் சினை நண்டைக் கூட்டில் வைத்துப் பொரிக்கவிட்டபின் விற்கும் 'நண்டு வங்கி'கள் இருக்கின்றன. நல்ல முயற்சி. ஆனாலும் வலைக்கண்ணைப் பெரிதாக்குவதையே நான் மேலாகக் கருதுகிறேன். கண்ணுக்குள்ளால் தப்பிப்போகும் சின்ன நண்டு ஒரு தடவை அல்ல, பல தடவை முட்டையிடும், அதுவும் வளர்ந்தபின், கூடுதலாக.

இதைச் சொன்னபோது துறையில் ஒரு முதியவர் வலை பொத்திக்கொண்டே, "நான் கண் பெரிய வலை போடுறன் பிள்ளை. அங்கால வாற றோலர் விடுமோ?" என்றார். இழுவைமடி சின்னது பெரியது பார்ப்பதில்லை. குஞ்சு நண்டு வளரும் கடற்புல்லையும், எங்கள் பக்கத்தில் சாதாளை என்பார்களே அதையும், சேர்த்தே வாரிக்கொண்டு போகும். இலங்கை 2017இல் அடிமட்ட இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் இந்தியக் கரையிலிருந்து வரும் படகுகள் இன்னும் நின்றபாடில்லை. நண்டின் குடம்பிகளோ நீரோட்டத்தோடு மிதப்பவை. 1974இல் இரு நாடுகளும் வரைந்த எல்லைக்கோடு அவற்றுக்குத் தெரியாது. காரைநகரில் மட்டும் அளந்தால் பாதிக் கணக்குத்தான். மறுபாதியை இராமேஸ்வரத்திலும் யாரோ ஒருத்தி, வள்ளம் கரை தட்டும் முன்பே போய் நின்று அளக்க வேண்டும்.