தோழியின் கையுறை

சங்கிலிக் குண்டு எறிதல் பலசாலி ஆண்களின் விளையாட்டு என்றே உலகம் வெகு காலம் எண்ணியிருந்தது. ஆண்களுக்கு 1900-லேயே ஒலிம்பிக்கில் இடம் கிடைத்த இந்தப் பந்தயம், பெண்களுக்குக் கிடைக்க மேலும் நூறு வருஷம் ஆயிற்று. கிடைத்ததும் அதில் பெயரை நாட்டியவர்கள் இரண்டு போலந்துப் பெண்கள். ஒருவர் வழி திறந்தார். மற்றவர் அந்த வழியில் யாரும் எட்டாத தூரம் சென்றார்.

ஏழடி வட்டம்

ஆங்கிலத்தில் இதற்கு 'ஹாமர்', அதாவது சம்மட்டி என்று பெயர். உண்மையில் சம்மட்டி எதுவும் கிடையாது. எஃகுக் கம்பியின் ஒரு முனையில் உலோகக் குண்டு. மறு முனையில் கைப்பிடி. பெண்கள் எறிவது 4 கிலோ எடை. ஏழடி விட்டமுள்ள வட்டத்துக்குள் மூன்று நான்கு முறை பம்பரம் போல் சுழன்று, கோட்டைத் தாண்டாமல் வீச வேண்டும். சுழலும் குண்டின் இழுப்பில் கைப்பிடி விரல்களை நெரிக்கும். ஆகவே தோல் கையுறை அணிவது வழக்கம்.

பதினேழு வயதில் தங்கம்

2000 செப்டம்பரில் சிட்னியில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. ரஷ்யாவின் அனுபவசாலி ஓல்கா குசென்கோவாவைப் பின்தள்ளி, 71.16 மீட்டர் எறிந்து தங்கம் வென்றவர் வார்ஸாவைச் சேர்ந்த கமிலா ஸ்கோலிமோவ்ஸ்கா. வயது 17!

ஆனால் விதி வேறு விதமாக இருந்தது. 2009 பிப்ரவரியில் போர்ச்சுகலில் பயிற்சி முகாமில் இருந்தபோது, நுரையீரல் ரத்தக் குழாய் அடைபட்டுக் கமிலா காலமானார். அப்போது அவருக்கு 26 வயதுதான்.

அவரது கையுறையைப் பெற்றோர் சக வீராங்கனை அனிதா வொடார்ச்சிக்கிடம் கொடுத்தனர். ராவிச் நகரில் 1985-ல் பிறந்த அனிதா, அதை அணிந்தே பந்தயங்களில் இறங்கலானார்.

துள்ளியதில் சுளுக்கு

அதே வருஷம் ஆகஸ்டில் பெர்லின் உலகப் போட்டியில் அனிதா 77.96 மீட்டர் எறிந்தார். அது உலக சாதனை! ஆனந்தத்தில் துள்ளிக் குதித்தவர் கணுக்காலில் அடிபட்டு நொண்டினார். தங்கம் மட்டும் கைநழுவவில்லை.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் டாட்டியானா லிசென்கோவுக்கு அடுத்தபடியாக வெள்ளியே கிட்டியது. லிசென்கோ ஊக்க மருந்து உட்கொண்டது மறு சோதனையில் வெளிப்பட்டு, 2016-ல் அந்தத் தங்கம் அனிதாவுக்கே உரியதாயிற்று. அரங்கில் கேட்டிருக்க வேண்டிய தேசிய கீதமும் கரகோஷமும் திரும்பி வருமா, என்ன?

அதற்குள் அனிதா வெகு தூரம் போய்விட்டார். 2015-ல் 81.08 மீட்டர் எறிந்து, 80 மீட்டரைத் தாண்டிய முதல் பெண்ணானார். 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் 82.29 மீட்டர், தங்கத்துடன் உலக சாதனையும் சேர்ந்தது. பதின்மூன்றே நாளில் வார்ஸாவில் 82.98 மீட்டர், அதாவது சுமார் 272 அடி எறிந்து, அதையும் தாமே முறியடித்தார். அன்று நடந்தது கமிலாவின் நினைவுப் போட்டி! ஒன்பது வருஷம் கழித்து 2025-லும் அந்தச் சாதனை நிலைத்து நின்றது.

திருடனும் அகப்பட்டான்

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் தங்கம் அவருக்கே. மறு வருஷம் தம் காரை உடைத்துத் திருட வந்தவனை மடக்கிப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார். திருடன் அகப்பட்டான், ஆனால் அனிதாவுக்குத் தசையில் காயம் பட்டு அறுவை சிகிச்சை நடந்தது. அந்த வருஷத்து உலகப் போட்டி தவறிப் போயிற்று.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், 39-வது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு, 74.23 மீட்டர் எறிந்து நான்காவதாக வந்தார். வெண்கலத்துக்குக் குறைவு 4 சென்டிமீட்டர். இரண்டு விரற்கடையில் ஒரு பதக்கம் நழுவியது. ஆனால் தடகளத்தின் தனிநபர் பந்தயம் ஒன்றில் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் என்ற பெயர் நழுவாது.