ஐலாவுக்குப் படகு ஏறுங்கள்

ஸ்காட்லாந்தில் விஸ்கி ஆலைகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள், ஒரே வாரத்தில் ஐந்து வட்டாரங்களையும் முடித்துவிட ஆசைப்படுகிறார்கள். ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைட், ஐலா, கேம்பல்டவுன் என்று 2009-ஆம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கி விதிகள் வகுத்த ஐந்து. அப்படிப் போனால் ரோட்டைத்தான் பார்த்துவிட்டு வரலாம். ஒரு வாரம்தான் கையில் இருக்கிறதென்றால் ஐலாவுக்கும் கேம்பல்டவுனுக்கும் போங்கள். இரண்டுக்கும் வழி ஒன்றுதான்.

கிளாஸ்கோவிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் போனால் கென்னக்ரெய்க் படகுத்துறை. அங்கிருந்து ஐலா தீவுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்; காரையும் படகில் ஏற்றிக்கொள்ளலாம். ஊர் சுற்றும் தேதியை முடிவு செய்ததும் முதலில் போட வேண்டியது இந்தப் படகு டிக்கெட். மே கடைசியில் தீவே விஸ்கித் திருவிழா கொண்டாடும். அந்த வாரம் அறையும் கிடைக்காது, படகில் இடமும் கிடைக்காது.

ஐலாவின் போர்ட் எலன் துறையில் இறங்கியதும் காரை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். கடலோரமாகச் சுமார் ஐந்து கிலோமீட்டர் நடைபாதை. லஃப்ராய்க், லாகவுலின், ஆர்ட்பெக் என மூன்று ஆலைகளும் வரிசையாக வந்துவிடும். மூன்றுமே 1815, 1816-ஐத் தொடக்க ஆண்டாகச் சொல்லிக்கொள்பவை. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் உள்ளே போகாதீர்கள். மூன்றாவதில் நாக்கு மரத்துப்போயிருக்கும்.

லஃப்ராய்க்கில் பார்லி முளைக்கும் தளத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். வீட்டில் கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டுவோமே, அதே வேலைதான். ஈரப் பார்லியைச் சிமெண்டுத் தரையில் பரப்பி, சூடேறாமலும் வேர் பின்னிக்கொள்ளாமலும் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மண்வாரியால் புரட்டிப் புரட்டியே அந்தக் காலத் தொழிலாளர்களுக்குத் தோள்பட்டை தொங்கிப்போகுமாம். அதற்குக் 'குரங்குத் தோள்' என்றே பெயர். முளைவிட்ட பார்லியை உலர்த்தும்போது கீழே பீட் எரிகிறது. சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுத்துக் காயவைத்த மண்கட்டி அது. மரம் குறைந்த தீவில் ஒரு காலத்தில் அடுப்புக்கு அதுதான் விறகு. ஐலா விஸ்கியை மோந்தால் வரும் புகையும் டிஞ்சர் வாடையும் இங்கேதான் பிறக்கின்றன.

ஒன்றை மறக்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் எல்லை, இங்கிலாந்தில் 80. அதனால் ஓட்டுபவருடைய பங்கைச் சின்னக் குப்பியில் ஊற்றித் தரும் வழக்கம் பல ஆலைகளில் உண்டு. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் சில வாரம் பழுதுபார்ப்புக்காக விஸ்கி வடிக்கும் செம்புக் கொப்பரைகளை அணைத்துவிடுவார்கள். ஆலை ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஸ்பேசைடை இந்த வாரத்தில் சேர்க்காதீர்கள்; அங்கே ஆலைகள் ஐம்பதை ஒட்டி இருக்கின்றன. அது தனிப் பயணம். அங்கே போனால் க்ரெய்கெல்லக்கியில் பீப்பாய்ப் பட்டறையைத் தவறவிடாதீர்கள். ஆணியோ பசையோ இல்லாமல், ஓக் பலகைகளை இரும்பு வளையத்துக்குள் அடித்தே இறுக்குகிறார்கள்.

ஐலாவிலிருந்து திரும்பும் வழியில் கென்னக்ரெய்க்கில் இறங்கித் தெற்கே திரும்பினால் ஒரு மணி நேரத்தில் கேம்பல்டவுன். 19-ஆம் நூற்றாண்டில் இருபதுக்கும் மேற்பட்ட ஆலைகள் புகைந்த ஊர். அந்தப் பழைய பெயர்களில் இன்று மிஞ்சியவை மூன்று. அவற்றில் ஸ்பிரிங்பேங்க் 1828-இல் தொடங்கியது. முளைகட்டுவது, வடிப்பது, பீப்பாயில் ஊறவைப்பது, பாட்டிலில் அடைப்பது எல்லாம் அங்கேயே. பார்லியாக உள்ளே போனது லேபிள் ஒட்டிய பாட்டிலாகத்தான் வெளியே வருகிறது.