தொலைவிலிருந்து முதியோர் உடல்நலம் பேணுதல்

சேலம், நாமக்கல் வட்டாரங்களில் தறிக்குழியிலும் மரவள்ளிக் காட்டிலும் உழைத்து முதுமை எய்திய அங்கத்தினர் பலர். மக்கள் பிழைப்பு நாடித் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்றுவிடப் பெரியவர்கள் தனித்து வாழும் இல்லங்கள் பெருகியுள்ளன. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் வலி காட்டாது வளரும் நோய்களாதலின், வீட்டிலேயே அளவெடுத்து மருத்துவருக்குத் தெரிவிக்கும் முறையை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

இரத்த அழுத்தமானியின் பட்டையைப் புயத்தில் சுற்றினால், அதில் காற்று நிரம்பி இறங்குகையில் இரத்தக் குழாயின் அதிர்வைக் கருவி உணர்ந்து அளவைக் காட்டும். விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஒளியைச் செலுத்தி இரத்தத்திலுள்ள பிராணவாயுவைக் கணிக்கும். 2020–21 கொரோனாக் காலத்தில் பலரும் இதனை அறிந்தனர். நகச்சாயம் இருப்பின் கணக்குப் பிறழலாம். சில கருவிகள் அளவைக் கைப்பேசி வழியே தாமே அனுப்பவும் வல்லன.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி, பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பரிசோதித்து மாத்திரை வழங்குகின்றனர். மத்திய அரசின் ‘இ–சஞ்சீவனி’ வாயிலாகத் தொலைவிலுள்ள மருத்துவரிடம் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

அளவெடுக்கும் முறை முக்கியமானது. தறியை விட்டு எழுந்தவுடன் அளத்தல் ஆகாது. அரைமணி நேரம் காப்பியும் புகையிலையும் தவிர்த்து, ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து அமைதியாக அமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, தேதியுடன் குறித்தல் வேண்டும். வீட்டில் எடுக்கும் அளவு 135/85க்கு மேல் அடிக்கடி காணின் மருத்துவரை நாடுக. 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், உடனே 108ஐ அழைத்தல் வேண்டும். அளவு குறைந்ததென்று மருந்தைத் தாமே நிறுத்துதல் பெருந்தவறு.

கருவி எண்ணைத்தான் காட்டும்; அதனைப் பார்த்து நடவடிக்கை எடுப்பார் ஒருவர் இல்லையேல் பயனில்லை. ஆகவே, துணைவிதிகள் இடந்தருமிடத்துச் சங்கங்கள் பொதுநல நிதியினின்று ஓர் அழுத்தமானி வாங்கி, கூலி வழங்கும் நாளில் முதியோர்க்கு அளவெடுத்துக் குறிப்பேட்டில் பதியலாம். வாராத முதியவரின் இல்லத்திற்கு அண்டை அங்கத்தினர் ஒருவர் சென்று விசாரித்து வருதல் நலம். கடனிலும் நூலிலும் ஒருவர்க்கொருவர் பிணைநிற்கும் நாம், முதியோர் உயிருக்கும் பிணைநிற்போமாக.